பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

மேட்டில் வண்டி நின்றால் டிரைவர் சம்பளத்தில் கை வைப்பதா?

தோழர்களே!

தோட்டத்துப் பிக்கப் வண்டி பால் டாங்கியை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறது. பாதி மேட்டில் அதன் மூச்சு அடங்குகிறது. டிரைவர் மிதிக்கிறார்; இஞ்சின் கேட்கவில்லை. வெயில் ஏறுகிறது. டாங்கியில் பால் கிடக்கிறது. ஸ்டோரில் கிராணியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆபீசிலிருந்து ஆள் வரும். “வண்டியை என்னடா செய்தாய்?” என்ற கேள்வி வரும்.

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. டிரைவர் என்ன செய்தான் என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கிறது. பிறகு விசாரணை எதற்கு?

நாம் சொல்கிறோம்: டீசல் இஞ்சின் திடீரென்று பலம் இழந்தால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் அது மலிவான, எளிதான காரணம்; கவனித்திருந்தால் வந்தே இருக்காது. அந்த வழியை விட்டுவிட்டு ஏழை டிரைவரின் சம்பளச் சீட்டைத் திருத்துகிற நிர்வாகம், தன் சோம்பலுக்குத் தொழிலாளியைக் கூலி கட்டச் சொல்கிறது. இதைத்தான் நம் முன்னோர் ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்றார்கள்.

யாருக்கு நட்டம்?

மரத்திலிருந்து இறக்கிய பால் காத்திருக்காது. கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். அம்மோனியா போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும். கணக்குக்கு மேல் வெயிலில் நின்றால் திரிந்து கட்டியாகிவிடும். பால் விலைக்குப் போக வேண்டியது கட்டிப்பால் விலைக்குப் போகும். விடியும் முன்னே நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்தவரின் உழைப்பு, நின்றுபோன ஒரு வண்டியின் பின்னால் கெட்டுப்போகிறது.

அது மட்டுமா? அதே வண்டியின் பின்புறத்தில் ஆட்களையும் ஏற்றுகிறார்கள். நம்மவர் இருப்பார்கள், இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்த தோழர்களும் இருப்பார்கள். மேட்டில் இஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாக இறுகும். பிரேக்குக்குத் துணை செய்யும் சக்தி சில மிதிகளுக்கு மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் பெடலை மீண்டும் மீண்டும் அடித்தால் மிச்சமும் போய்விடும். ஒரே முறை உறுதியாக மிதித்து நிறுத்த வேண்டும். கைப் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வண்டி நகராது என்று உறுதியான பிறகே ஆட்கள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இதை எந்த நிர்வாகம் டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது? சொல்லிக் கொடுக்காதவர்களுக்குத் தண்டிக்க மட்டும் தெரிகிறது!

இஞ்சின் கேட்பது என்ன?

தொழிலாளி வேலை செய்ய என்ன வேண்டும்? சோறு வேண்டும், மூச்சு வேண்டும். டீசல் இஞ்சினும் அப்படியே. சுத்தமான டீசல் வேண்டும். தாராளமான காற்று வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். இக்காலத்து வண்டிகளில் நான்காவதாக ஒன்றும் உண்டு: சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சரியான தகவல் சொல்ல வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பலம் குறையும்.

இவற்றுக்கு வெளியே இன்னொன்றையும் முதலிலேயே பார்க்க வேண்டும். இஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகிறதா? இஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் அது கிளச் தேய்மானம். ஒரு சக்கரம் மட்டும் அனலாகச் சுடுகிறது என்றால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இஞ்சின் கோளாறு அல்ல. ஆனால் இவற்றுக்காக இஞ்சினைப் பிரித்துப் போட்ட பட்டறைகள் இல்லாமல் இல்லை.

டிரைவரைத் திட்டும் முன் கேட்க வேண்டியவை

நோயையும் அது வந்த வழியையும் தேடிய பிறகே மருந்து என்பது வள்ளுவர் நமக்குக் கற்பித்த பாடம். வண்டி நின்றவுடன் டிரைவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இஞ்சின் அடியோடு அணைந்ததா, அல்லது ஓடிக்கொண்டே பலம் குறைந்ததா? புகை வந்ததா, என்ன நிறம்? எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? மேட்டில் மட்டுமா, சமதரையிலுமா? சாவியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டதும் பலம் திரும்பியதா? கடைசியாக எங்கே டீசல் ஊற்றியது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அந்த டிரைவர். அவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் அவர் வாய் திறப்பாரா? சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வழக்கு நடத்துவது எந்த ஊர் நியாயம்?

பதிலிலிருந்து பாதை தெரியும். பலம் குறைந்து கரும்புகை கக்கினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை என்று பொருள். புகையே இல்லாமல் சோர்ந்து போனால் டீசல் போதவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். சாவியை அணைத்துப் போட்டதும் பலம் திரும்பினால், கம்ப்யூட்டர் ஏதோ தவறான அளவைக் கண்டு, இஞ்சினைக் காப்பாற்றத் தானே பலத்தைக் குறைத்திருக்கிறது. ‘சாவியைத் திருப்பினால் சரியாகிவிடும்’ என்று நாள்தோறும் ஓட்டுவது தலைவலிக்கு மாத்திரை போடுவது போல. நோய் உள்ளேயே இருக்கும்.

டீசல் பக்கம்

தோட்டத்து வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் டீசல் பில்டர். அது அடைத்துக்கொண்டால் சமதரையில் வண்டி ஓடும். மேட்டில் சுமையோடு ஏறும்போது பட்டினி கிடக்கும். பில்டரின் அடியில் தண்ணீர் தங்கும். பல வண்டிகளில் அதற்கென்று விளக்கு உண்டு. அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீர் போகும் வரை வடித்து, சுத்தமான டீசல் வந்ததும் மூட வேண்டும்.

வடித்த சில நாட்களில் விளக்கு மறுபடியும் எரிந்தால் குற்றவாளி வண்டியில் இல்லை. டீசல் வைத்திருக்கும் பீப்பாயில் இருக்கிறான். பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பீப்பாய் மூச்சிழுக்கும். அந்தத் தண்ணீரும் மூடி வழியாக உள்ளே இறங்கும். பீப்பாயைக் கொட்டகைக்குள் வைக்க என்ன செலவு? நாலு தகரம்! அந்த நாலு தகரம் போடாதவர்கள் டிரைவரிடம் நட்டஈடு கேட்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலக்கப்படுகிறது. போக்குவரத்து வண்டிகளுக்கு 2019 பிப்ரவரியில் அந்தக் கலப்பு 10 விழுக்காடு ஆயிற்று. அது சாதாரண டீசலைவிட அதிகத் தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பழைய டாங்கியில் படிந்த கசடையும் கரைத்துக் கிளப்பும். அதனால் அது கெட்ட எரிபொருள் ஆகிவிடாது. பில்டரை முன்பைவிடச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதே பொருள். வண்டியோடு வரும் கையேட்டில் தூசிப் பாதைக்கும் கடும் வேலைக்கும் தனி அட்டவணை இருக்கிறது. தார்ச் சாலையில் ஓடும் துரைமார் காருக்கும், செம்மண் பாதையில் பால் சுமக்கும் வண்டிக்கும் ஒரே அட்டவணையா?

பில்டர் புதிதாக இருந்தும் சோர்வு தீரவில்லையா? டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி நன்றாக ஓடினால், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் காற்றை உறிஞ்சும். ஓடும்போது அங்கே டீசல் வெளியே ஒழுகாது. அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பொருத்திப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். பல ஜப்பானியப் பிக்கப் வண்டிகளில் பம்புக்குள் போகும் டீசலை அளந்துவிட ஒரு சிறு வால்வு உண்டு. அழுக்கால் அது சிக்கினால் இஞ்சின் நடுங்கும். சில சமயம் சொல்லாமல் அணையும். அந்த வால்வைத் தனியே மாற்றக்கூடிய வண்டிகளிலும், முழுப் பம்பையே மாற்றிப் பில் போடுகிற பட்டறைகள் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை, தோழர்களே! சாதாரணக் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சுற்றி. இந்த இஞ்சின்களில் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம், சுமை ஏறும்போது 1,000 பாருக்கும் மேல். இஞ்சின் ஓடும்போது அந்த இரும்புக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். ஒழுக்கு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள். ஊசி முனை அளவு துவாரத்திலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடக்கூடும். அப்படி நேர்ந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காற்றுப் பக்கம்

கரும்புகை என்றால் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். செம்மண் தூசி அதில் அப்பிக் கிடக்கும். அது மெல்ல மெல்லப் பலத்தைக் குறைக்கும். திடீரென்று குறைந்தால் டர்போவிலிருந்து இஞ்சினுக்குப் போகும் பருத்த ரப்பர் ஹோஸைப் பார்க்க வேண்டும். அது கிளிப்பிலிருந்து கழன்றிருக்கலாம், அடிப்பக்கம் கிழிந்திருக்கலாம். நிற்கும்போது பார்த்தால் கிழிசல் மூடிக்கொண்டு நல்லதுபோல் தெரியும். மேட்டில் அழுத்தம் ஏறியதும் வாய் பிளக்கும். ‘உஸ்’ என்ற சத்தமும் ஹோஸின் மேல் எண்ணெய்க் கறையும் அதன் அடையாளம். சில வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வாக்குவம் குழாய் விண்டிருந்தாலும் இதே கதைதான். புகையைத் திருப்பி உள்ளே விடும் வால்வில் கரி படிந்து திறந்தபடியே சிக்கினாலும் இஞ்சின் மூச்சுத் திணறும்.

பட்டறைக்குப் போகும் முன்னே ஒயர்களையும் பாருங்கள். தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எலி ஒரு பெரிய எதிரி. எலி கடித்த ஒரு ஒயர் போதும், கம்ப்யூட்டர் குழம்பிப் பலத்தைக் குறைத்துவிடும்.

பெட்டி சொல்வது தீர்ப்பல்ல

இப்போது பட்டறைகளில் ஸ்கேனர் பெட்டி இருக்கிறது. செருகினால் எண் காட்டும். பி0087 என்றால் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் அழுத்தம் குறைவு. பி0299 என்றால் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் குறைவு. நல்ல கருவிதான், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ‘பம்பை மாற்று’ என்றோ ‘டர்போவை மாற்று’ என்றோ அந்த எண் சொல்லவில்லை. அழுத்தம் குறைந்தது பில்டரால் இருக்கலாம், குழாயால் இருக்கலாம், வால்வால் இருக்கலாம். காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொன்னால், என்ன காய்ச்சல் என்று டாக்டர்தானே பார்க்க வேண்டும்?

எண்ணை எழுதிக்கொள்ளும் முன் அதை அழிக்கக் கூடாது. விளக்கை அணைக்கப் பாட்டரியைக் கழற்றிப் போடுவதும் கூடாது. அது சாட்சியைக் கொலை செய்வது.

ஊகத்தில் சாமான் மாற்றுவது வைத்தியம் அல்ல, சூதாட்டம். இன்று இன்ஜெக்டர், நாளை பம்பு, மறுநாள் டர்போ. ஆயிரக்கணக்கான வெள்ளி போனபின் கிழிந்த ஹோஸ் ஒன்று கண்ணில் படும். முறை இதுதான்: கண்ணால் பார்ப்பது முதலில், அளந்து பார்ப்பது அடுத்து, சாமான் மாற்றுவது கடைசி. மலிவானதைச் சோதித்த பிறகே விலையுயர்ந்ததைத் தொட வேண்டும்.

செலவைக் குறைக்கத்தான் பில்டரைத் தள்ளிப் போட்டோம் என்பார்கள். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, மறந்துவிட்டதா? கரும்புகையாகப் போவது எரியாத டீசல். புகைக்குழாய் வழியே காசு பறக்கிறது; கணக்குப் புத்தகத்தில் மட்டும் சிக்கனம் சிரிக்கிறது.

‘டிரைவர் தப்பே செய்யமாட்டாரா?’

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நேர்மையாகப் பதில் சொல்கிறோம். செய்யக்கூடும். டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றுவது தப்பு. விளக்கு எரிவதைக் கண்டும் சொல்லாமல் ஓட்டுவது தப்பு. அளவுக்கு மேல் சுமை ஏற்றுவதும் தப்பு. ஆனால் சுமையை ஏற்றச் சொன்னது யார்? விளக்கு எரிகிறது என்று மூன்று முறை சொன்னபோது, ‘மாதக் கடைசியில் பார்க்கலாம்’ என்று சொன்னது யார்? தப்பு இருந்தால் விசாரித்து நிரூபிக்கட்டும். நிரூபிக்கும் முன்னே சம்பளத்தில் கை வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

இது நம் ஆசை மட்டும் அல்ல, சட்டம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டம் அனுமதித்தவை தவிர வேறு எந்தப் பிடித்தமும் சம்பளத்தில் செய்யக் கூடாது என்கிறது. வண்டி ரிப்பேர்ச் செலவை முதலாளி தன் இஷ்டப்படி பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையை விட்டு நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. இது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரிய சட்டம். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஆபத்தில்லாத சாதனங்களைக் கொடுத்து அவற்றைப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. உடனடி ஆபத்து இருப்பதைச் சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்ற உரிமையும் 2024 ஜூன் 1 முதல் அச்சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மேட்டில் இரண்டு முறை அணைந்த வண்டியில், ஆட்களை ஏற்றிக்கொண்டு மூன்றாம் முறை போ என்றால், அந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

கிராணிமார் தோழர்களுக்கு

உங்கள் கையில் பேனா இருக்கிறது. அது டிரைவரைத் தூக்கிலிடவும் உதவும், காப்பாற்றவும் உதவும். வண்டிக்கென்று ஒரு புத்தகம் வையுங்கள். பில்டர் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், டீசல் வந்த இடம், தண்ணீர் வடித்த நாள், டிரைவர் சொன்ன புகார், அதற்கு மானேஜர் கொடுத்த பதில், ஸ்கேனர் காட்டிய எண், இவை எல்லாம் அதில் ஏறட்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். விசாரணை மேசையில் அந்தப் பக்கம்தான் பேசும்.

டிரைவர் தோழர்களே, நீங்களும் வாயால் மட்டும் புகார் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கத்தின் தோட்டக் கிளைச் செயலாளரிடம் சொல்லி எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது

கையேட்டின் கடும் வேலை அட்டவணைப்படி பில்டர்கள் மாற வேண்டும். டீசல் பீப்பாய் கூரைக்குள் போக வேண்டும். வண்டி நின்றால் முதலில் சோதனை, பிறகுதான் விசாரணை. சோதனை முடிவை டிரைவருக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் காட்ட வேண்டும். கோளாறு தீரும் வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. வண்டி நின்றதால் கெட்ட பாலுக்கு, பால் மரம் வெட்டியவரின் கணக்கில் குறைக்கக் கூடாது.

இதில் எது பேராசை? எது நடக்காத காரியம்? நல்ல பில்டரும் நாலு தகரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்கிறோம். இவற்றைக் கொடுக்க மனமில்லாதவர்கள், டிரைவர் முகத்தில் விரல் நீட்டும் முன் தங்கள் ஷெட்டுக்குள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உங்கள் தோட்டத்து வண்டியின் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். புத்தகமே இல்லையென்றால் அதையே முதல் தீர்மானமாக எழுதுங்கள்.